புதன்கிழமைக் கூழ்

கூழ் எண்டவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வரும். வெளிநாட்டில் இருந்து சித்தப்பா குடும்பம் வந்திருக்கும். முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய பானை ஏற்றி, நண்டு, கணவாய், இறால், மீன்தலை எல்லாம் போட்டு, ஆண்கள் ஆள் மாறி ஆள் அகப்பையைப் பிடித்துத் துழாவிக்கொண்டு நிற்பார்கள். யாராவது போட்டோ எடுப்பார்கள். பிளாவில் ஊற்றிக் குடித்துவிட்டு, "இதுதான் எங்கட சாப்பாடு" எண்டு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார். அடுத்த கூழுக்கு இரண்டு வருசம் செல்லும்.

அந்தப் போட்டோக்களில் அம்மாவும் மாமியும் இருப்பதில்லை. காலையிலிருந்து குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து நண்டு உடைத்ததும், மீன் வெட்டியதும், பலாக்கொட்டை கோது கழற்றியதும் அவர்கள்தான்.

என்னுடைய கருத்து இதுதான்: கூழைக் கொண்டாட்டத்திலிருந்து இறக்கி வேலைநாள் இரவுச் சாப்பாடாக ஆக்க வேணும். அதை வீட்டில் அம்மா அல்லாத ஒருவர் காய்ச்ச வேணும்.

எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்கிறேன். அம்மா வேலைக்குப் போகிறவ. பஸ்சில் வந்து இறங்க ஐந்தரை ஆகும். உடுப்பு மாற்றியவுடன் குசினிக்குள் போவா. சோறு, பருப்பு, மீன் குழம்பு, ஒரு வறை, ஒரு சொதி. ஐந்து சட்டி. எட்டு மணிக்கு நாங்கள் சாப்பிடுவோம். அதற்குப் பிறகு அந்த ஐந்து சட்டியையும் கழுவுவதும் அவதான். நானும் தம்பியும் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பதையே பெரிய உதவியாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

2022இல் காஸ் இல்லாமல் போனது. 12.5 கிலோ சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றதை எங்கள் வயதுக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் அம்மா விறகடுப்பில் ஒரேயொரு பானை வைப்பா. ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் மரக்கறி எல்லாம் போட்டுக் கிச்சடி, ஒடியல் மா இருந்தால் கூழ். யாரும் முகம் சுழிக்கவில்லை. பிறகு காஸ் வந்தது. ஐந்து சட்டியும் திரும்பி வந்தன.

எனக்கு உறுத்துவது அதுதான். ஒரு பானைச் சாப்பாட்டை நாங்கள் கஷ்டகாலத்தின் அடையாளமாகப் பார்த்தோம். நிலைமை சரியாகிவிட்டது எண்டு காட்டுவதற்கு அம்மா திரும்பவும் இரண்டரை மணித்தியாலம் அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது.

"கூழ் எண்டால் நாள் முழுக்க வேலையெல்லோ" எண்டு நீங்கள் கேட்கலாம். அது ஞாயிற்றுக்கிழமைக் கூழ். புதன்கிழமைக் கூழுக்கு நண்டும் கணவாயும் தேவையில்லை. நான் காய்ச்சுகிற விதம் இது, நாலு பேருக்குக் காணும்.

வேலையால் வந்தவுடன், வேறு எதையும் தொட முதல், 100 கிராம் ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்து வையுங்கள். ஒடியல் எண்டால் அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கு. மாவில் கொஞ்சம் கைப்பும் காறலும் இருக்கும். ஊறினால் மா அடியில் தங்கும். மேலே நிற்கிற தண்ணீரை ஊற்றிவிட்டால் காறல் குறையும். மா வேணுமெண்டால் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் கேளுங்கள்.

பானையில் ஒன்றரை லீற்றர் தண்ணீர் வைத்து, ஒரு பிடி புழுங்கல் அரிசி, பத்துப் பன்னிரண்டு பலாக்கொட்டை, ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு போட்டு அவிய விடுங்கள். இருபது நிமிசத்தில் பதமாகும். பலாக்கொட்டை இல்லாத காலத்தில் மரவள்ளியைக் கூட்டுங்கள். அது அவியும் நேரத்தில் எட்டுச் செத்தல் மிளகாய், கொஞ்சம் மிளகு, மஞ்சள், நாலு பல்லு உள்ளி எல்லாவற்றையும் அரைத்து எடுங்கள். பிறகு பயித்தங்காயும் மீனும் பானைக்குள். மீனை மீன்காரரிட்டயே வெட்டுவித்து வாங்குங்கள். முள்ளுக் குறைந்த மீன் நல்லது, தடித்த கூழுக்குள் முள்ளுத் தெரியாது. காசு குறைவான கிழமை கொஞ்சம் கூனி இறாலோ நெத்தலிக் கருவாடோ போதும்.

மீன் வெந்த பிறகுதான் அரைத்த கூட்டும் பழப்புளிக் கரைசலும் உப்பும். புளியை முதலே விட்டால் கிழங்கும் கொட்டையும் லேசில் அவியாது. நான் முதல்தரம் அந்தப் பிழையை விட்டு, ஒன்பது மணிக்குக் கல்லுப்போல பலாக்கொட்டை கடித்தோம். கடைசியாக மாக்கரைசலை விட்டுக் கைவிடாமல் துழாவுங்கள். பத்து நிமிசம் நல்லாகக் கொதிக்க வேணும். ஆற ஆற இன்னும் தடிக்கும், அதனால் கொஞ்சம் தண்ணியாக இருக்கும்போதே முருங்கையிலையைப் போட்டு இறக்கிவிடுங்கள். எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். கழுவ ஒரு பானை, நாலு கோப்பை.

எதிர்ப்பு வராமல் இல்லை. முதல் புதன்கிழமை அப்பா பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "இண்டைக்குச் சோறு இல்லையோ?" எண்டார். அரிசி அதுக்குள்ளதான் இருக்குது எண்டேன். எங்கட வீடுகளில் சோறும் கறியும் தனித்தனியாக வந்தால்தான் அது சாப்பாடு. அந்தப் பழக்கம் ருசியால் மட்டும் வந்ததில்லை. மாலை முழுக்கச் சமைப்பதற்கு வீட்டில் ஒருவர் எப்போதும் இருப்பா எண்ட நினைப்பும் அதற்குள் இருக்கிறது.

கூழ் காய்ச்சினால் வீட்டில் சமத்துவம் வந்துவிடும் எண்டு நான் சொல்ல வரவில்லை. கிழமையில் ஒரு நாள் அகப்பையைப் பிடித்துவிட்டு மற்ற ஆறு நாளும் சும்மா இருந்தால், அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டோதான். அதோடு, சமைப்பதை விடக் களைப்பான ஒரு வேலை இருக்கிறது: நாளைக்கு என்ன சமைக்கிறது, வீட்டில் என்ன முடிந்துவிட்டது எண்டு யோசிக்கிற வேலை. மா இருக்குதா, புளி இருக்குதா எண்டு அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் காய்ச்சினால், பாதி வேலையை இன்னும் அவதான் செய்கிறா. முதல் மாதம் நான் அப்படித்தான் செய்தேன்.

முதல் நாள் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று தரம் குசினிக்குள் வந்து, "தம்பி, அடிப்பிடிக்கப் போகுது, தள்ளு" எண்டா. உண்மையில் அடிப்பிடித்தும் விட்டது. இப்போது புதன்கிழமை பின்னேரங்களில் முன்விறாந்தையில் இருந்து தன்ர சிநேகிதியோட போனில் கதைக்கிறா. அவவுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்கத் தெரியும் எண்டது எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரியும்.

போன கிழமை அப்பா சந்தைக்கு வெளிக்கிடும்போது, "புதனுக்கு என்ன மீன் வேணும்?" எண்டு கேட்டார். அம்மாவிடம் இல்லை, என்னிடம்.