தோல் தந்தவன் எங்கே?

மாணிக்கவாசகரின் திருவாசகத்தை எடுத்து, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்து, ஆங்கில வரிகளையும் கலந்து இளையராஜா 2005இல் ஒரு இசைத்தொகுப்பு கொண்டுவந்தார். அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடையேறித் திரிந்த ஒருவர், ஓதுவார் வாயில் இருந்த பாட்டைத் தன் விருப்பப்படி கலந்தது சாதாரண விசயம் அல்ல. இசையில் கலப்பு கூடாது என்கிறவன்தான் ஊரிலும் கலப்பு கூடாது என்கிறான். அந்த வகையில் அதை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் தோழர்களே, பாட்டும் செவ்வியல், இசைக்குழுவும் செவ்வியல். இரண்டுக்கும் அடியில் ஒரு தோல் கிடக்கிறதே, அதை யார் பேசுவது?

வில்லியனூரிலிருந்து கடலூரைத் தாண்டிப் போனால் தில்லை. மாணிக்கவாசகர் இறைவனோடு கலந்ததாகச் சொல்கிற இடம். நந்தனைத் தீயில் இறக்கியதும் அங்கேதான். ஆதனூர் நந்தன் சிவன் கோயில்களுக்கு என்ன கொடுத்தான் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரே எழுதி வைத்திருக்கிறார். பேரிகைக்குத் தோல், இழுத்துக் கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு. கொடுத்த பொருள் உள்ளே போனது; கொடுத்தவன் வெளியே நின்றான். ஐரோப்பிய வயலினுக்கும் ஆட்டுக்குடல் நரம்புதான் வெகுகாலம் தந்தி. சபாவானாலும் சிம்பொனியானாலும் செத்த மாட்டையும் ஆட்டையும் தொடாமல் சங்கீதம் இல்லை.

இது பழங்கதை இல்லீங்க. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய புத்தகத்தின் வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்ட சென்னை கலாசேத்திரா, 2020இல் அனுமதியை ரத்து செய்தது. வாசிக்கிறவன் வித்துவான். தோல் கட்டுகிறவனைப் பற்றிப் பேசினால் மட்டும் தகராறு.

நம் பக்கமும் வேலை நடந்திருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2016இல் மறைந்த கே.ஏ.குணசேகரன் சேரியின் பாட்டை மேடையேற்றினார். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018இல் கானாவையும் ராப்பையும் பறையையும் ஒன்றாய் நிறுத்தியது.

வில்லியனூர், பாகூர் பக்கத்து மாணவர்கள் அடுத்த அடியை எடுத்து வையுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகளில் கெஞ்சிக் கெஞ்சி அழுத நந்தன் போதும். தோலும் நரம்பும் தந்த உழைப்பாளி நந்தனுக்கு ஒரு இசைத்தொகுப்பு வரட்டும். கல்லூரி விழாவுக்குப் பறைக் கலைஞரைக் கூப்பிட்டால் கூலியை முன்னாலேயே பேசி, அழைப்பிதழில் பெயர் போட்டுக் கூப்பிடுங்க. சாவு மேளத்துக்கு ஆள் அனுப்புற மாதிரி அனுப்பாதீங்க. உறையில் பாடியவர் பெயருக்குப் பக்கத்தில் தோல் கட்டியவர் பெயரும் அச்சாகட்டும். அதுவரை இசையில் கலப்பு என்பது பாதிப் பேச்சுதான்.