வௌவாலை எங்கே வைப்பது?



சென்ற மாதம் ஒரு சிறுவனின் விடையை நான் அவசரப்பட்டுத் தவறென்று தள்ளிவிட்டேன். இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் தாயில்பட்டியில் மாலை ஓதல் முடிந்தபின் சிறு பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பொதுப்பாடம் நடத்துவது என் வழக்கம். சிவகாசி அச்சகங்களின் கழிவுத் தாள்களில் விலங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. நாட்காட்டியில் மான், பட்டாசுப் பெட்டியில் சேவல், தீப்பெட்டி முகப்பில் சிறுத்தை. பிள்ளைகள் அவற்றை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். நான் கரும்பலகையில் பாலூட்டி, பறவை, ஊர்வன, மீன் என்று தலைப்புகள் எழுதினேன். "பாம்பு எங்கே?" என்று கேட்டதும் ஒரு வாண்டு, "மாத்திரையா, ஹஜ்ரத்?" என்றது. வகுப்பே சிரித்தது. பட்டாசு ஊர்ப் பிள்ளைகள் அல்லவா!

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வௌவாலைக் காகத்தின் பக்கத்தில் வைத்தான். நான் அதை எடுத்து ஆட்டின் பக்கத்தில் வைத்து, "பாலூட்டி. எழுதிக்கொள்" என்றேன்.

"பறக்கிறதே, ஹஜ்ரத்?"

"சொன்னதை எழுது."

எழுதினான். ஆனால் மறுநாள் முதல் எந்த அட்டையையும் அவன் தானாக எடுத்து வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டி, "இது எங்கே, ஹஜ்ரத்?" என்று என் முகத்தையே பார்த்தான். பூனைக்குக்கூட அப்படித்தான். பூனையைத் தெரியாத பிள்ளையா அவன்? தன் கண்ணை நம்பக்கூடாது என்பதைத்தான் என்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறான். அந்த எண்ணம் என்னை உறுத்தியது.

நான் கலைப் பட்டதாரி, விலங்கியல் படித்தவனல்லன். எனவே எனக்குப் பழக்கமான வழியில் தேடினேன். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-ஜாஹிழ், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் விலங்குகளை நடப்பன, பறப்பன, நீந்துவன, ஊர்வன என நான்காகப் பிரிக்கிறார். பறப்பதெல்லாம் பறவையாகாது, ஈயும் குளவியும் பறந்தாலும் பறவைகளல்ல என்று எச்சரிக்கவும் செய்கிறார். அப்படிப்பட்டவர் வௌவாலை எங்கே வைத்தார் தெரியுமா? பறவைகளோடுதான்! அதற்கு இறகில்லை, அது கருவுற்றுக் குட்டி ஈன்று பாலூட்டுகிறது, காதுகள் வெளியே தெரிகின்றன என்பதையெல்லாம் அறிந்தே அவ்வாறு வைத்தார். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் பாலூட்டுவதை அடையாளமாகக் கொண்டு புதிய வகுப்பொன்றை அமைத்தபோது வௌவாலையும் அதில் வைத்தார். அவரும் அதை மனிதனும் குரங்கும் இருந்த வரிசையிலேயே சேர்த்தார். அது பின்னர் மாற்றப்பட்டது. இத்தனை பெரியோர்கள் தடுமாறிய இடத்தில் எங்கள் சிறுவன் ஒரு வினாடி தயங்கியதற்கு நான் அதட்டியிருக்கிறேன்.

அடுத்த வகுப்பில் தலைப்பு எதையும் எழுதவில்லை. "எப்படி வேண்டுமானாலும் அடுக்குங்கள், ஏன் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். ஒரு சிறுமி, அத்தாவுக்குப் பிடித்தவை, பிடிக்காதவை என்று இரண்டாக அடுக்கினாள். அதுவும் ஒரு பிரிவுதான்! பிறகு ஒரு கேள்வி கொடுத்தேன்: அதன் இளசை நாம் என்னவென்று அழைக்கிறோம்? ஆட்டுக்குட்டி, பூனைக்குட்டி ஒரு பக்கம். கோழிக்குஞ்சு, மீன்குஞ்சு மறுபக்கம். தொல்காப்பிய மரபியல் இத்தகைய இளமைப் பெயர்களை ஒன்பதாக எண்ணிச் சொல்வதை நினைத்துக்கொண்டேன். ஆனால் மொழியும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. முட்டையிடும் பாம்புக்கும் "பாம்புக்குட்டி" என்கிறோமே என்று ஒருத்தி மடக்கினாள். கண்ணாடி விரியன் குட்டியே ஈனும் என்று நான் சொல்லப்போய் வகுப்பு மேலும் குழம்பியது. குழம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஆனத்துக்கு மீன் அரியும்போது செவுளைத் தூக்கிக் காட்டுங்கள். கோழி உரிக்கையில் இறகின் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அச்சிறுவன் வெகுநேரம் கழித்து வௌவாலை எடுத்தான். காகத்தோடும் வைக்கவில்லை, ஆட்டோடும் வைக்கவில்லை. நடுவில் தனியாக வைத்து, "பறக்கும், குட்டியும் போடும்" என்றான். அதன் பின்னரே, பால் கொடுப்பதை அடையாளமாகக் கொண்டால் அது ஏன் ஆட்டின் பக்கம் சேர்கிறது என்று விளக்கினேன். இம்முறை அவனே நகர்த்தி வைத்தான்.

அவர்களுக்கு ஒரு கதையும் சொன்னேன். நமக்கு மேற்கே உள்ள மலைத்தொடரில் மேகமலை இருக்கிறது. 2021 முதல் திருவில்லிபுத்தூர்க் காட்டோடு சேர்ந்து ஒரே புலிகள் காப்பகம். அங்கே 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்தார். எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அந்தப் பெயரிலேயே கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதன் பற்களையும் வாலில்லாமையையும் கவனித்து, இது உலகம் அறியாத புதிய பேரினம் என்று 1972இல் அறிவித்து, பறவையியல் மேதை சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். பறவை மனிதரின் பெயரில் ஒரு வௌவால்! என் மாணவன் முதன்முறையாகச் சிரித்தான்.

அதே 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு தீங்குயிர் அட்டவணையில் வைத்தது. யார் கொன்றாலும் கேள்வியில்லை. இலுப்பை விதைகளைக் காடெங்கும் கொண்டு சேர்க்கும் உயிருக்கு அந்த இடம்! சாலிம் அலி வௌவால் மட்டும் பின்னர் முதல் அட்டவணைக்கு உயர்ந்தது. மற்றவை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கும்வரை அங்கேயே இருந்தன.

கதை முடிந்ததும் சிறுவன் கேட்டான்: "தப்பாகச் சீட்டு எழுதியவரைத் திட்டினார்களா, ஹஜ்ரத்?"

"தெரியவில்லை, தம்பி. வேறு சீட்டு எழுதி ஒட்டினார்கள்" என்றேன்.

தன் நோட்டை எடுத்து வந்து, சென்ற மாதம் நான் சிவப்பு மையில் அடித்திருந்த பக்கத்தை விரித்து என் முன் வைத்தான்.