சர்க்கார் போட்ட வரைபடம் சாட்சி சொல்கிறது. முத்தவல்லிகள் என்ன செய்கிறார்கள்?

"ஊரில் ஒரு முஸ்லிம் வீடுகூட இல்லை. அங்கே கபரஸ்தான் எங்கிருந்து வந்தது? ஈத்கா எங்கிருந்து வந்தது? கண்ட இடத்தையெல்லாம் வக்ஃபு என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள்!"

சங் பரிவாரத்தின் மேடைகளில் ஓதப்படும் பாட்டு இது. இதைக் கேட்டு நம் இளைஞர்களுக்கு ரத்தம் கொதிக்கிறது. உடனே கண்டனப் போஸ்டர் அடிக்கிறோம், கலெக்டர் அலுவலகம் முன் ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம். செய்ய வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆர்ப்பாட்டம் முடிந்து கொடிகளைச் சுருட்டிய பிறகு ஒரு வருவாய் அதிகாரி அமைதியாகக் கேட்கிறார்: "ஆதாரம் இருக்கிறதா பாய்?"

அந்த இடத்தில்தான் நம் தலை குனிகிறது.

ஆதாரம் இருக்கிறது சகோதரர்களே! நம் பெட்டியில் இல்லாமல் இருக்கலாம், அரசாங்கத்தின் பெட்டியில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளைக்காரனின் சர்வேயர் ஊர் ஊராக நடந்து போட்ட நில வரைபடத்தில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்க நமக்குத்தான் நேரமில்லை.

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்

இந்த வரைபடங்களின் பிறப்பே நம் சரித்திரத்தோடு பின்னியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானார். அந்தப் போரில் கும்பினிப் படையில் நின்ற வில்லியம் லாம்டன்தான், பிடித்த நாட்டை அளக்க வேண்டும் என்ற திட்டத்தோடு 10.4.1802 அன்று சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் முதல் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் அவருடைய அளவுக் கருவியை ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்ததும், அதைத் தானே உட்கார்ந்து செப்பனிட்டதும் தனிக் கதை. வரி வாங்கவும் படை நடத்தவும் போட்ட வரைபடம்தான் இது. நமக்கு நன்மை செய்ய யாரும் இதைப் போடவில்லை. அதனால்தான் இதன் சாட்சியம் கனமானது.

பின்னாளில் இந்திய நில அளவைத் துறை (சர்வே ஆஃப் இந்தியா) நாடு முழுவதையும் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் தாள் தாளாகப் போட்டது. தமிழகத்தின் பெரும்பகுதி 57, 58, 66 என்ற எண்களில் தொடங்கும் தாள்களில் வருகிறது. ஒவ்வொரு தாளும் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட பரப்பைக் காட்டும். கண்மாய் நீலம், ஊர் சிவப்பு, மேடு பள்ளத்தைக் காட்டும் கோடுகள் பழுப்பு. கிணறு, வண்டிப்பாதை, ஆற்றைக் கடக்கும் துறை எல்லாம் உண்டு.

தாளின் அடியில் குறியீடுகளின் விளக்கம் அச்சாகியிருக்கும். அதில் ஒரு வரியை ஒவ்வொரு முஸ்லிமும் படிக்க வேண்டும். கோயில், சத்ரி, சர்ச், பள்ளிவாசல், ஈத்கா, சமாதி, கபர்கள் ஆகிய அத்தனைக்கும் தனித்தனிக் குறி ஒரே வரிசையில் நிற்கும். இன்னொரு வரியில் ஊர்களுக்கான குறி. அதில் குடியிருக்கும் ஊருக்கு ஒரு குறி, குடிபெயர்ந்து பாழான ஊருக்கு வேறு குறி.

'முஸ்லிம் வீடே இல்லாத ஊரில் கபரஸ்தான் ஏது?' என்ற கேள்விக்கு இந்த இரண்டு வரிகளே பதில். ஓர் ஊரின் ஓரத்தில் ஈத்கா குறி இருந்தால், பெருநாள் தொழுகைக்கு ஊர் கூடும் அளவுக்கு அங்கே நம் மக்கள் வாழ்ந்தார்கள் என்று பொருள். அவர்கள் பர்மாவுக்குப் போயிருக்கலாம், மலேயாவுக்குப் போயிருக்கலாம், பக்கத்து டவுனுக்குக் கடை வைக்கப் போயிருக்கலாம். போனவர்கள் கபர்களைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

கடற்கரைப் பட்டினங்களை மட்டுமே முஸ்லிம் ஊர் என்று நாமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்றால் எல்லோருக்கும் தெரியும். உள்நாட்டைப் பாருங்கள். வெள்ளாற்றின் ஒரு கரையில் திட்டக்குடி, மறு கரையில் லெப்பைக்குடிக்காடு. 1764இல் வெள்ளையரால் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம் என்ற யூசுப்கானின் பெயரில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கான்சாபுரம் இருக்கிறது. பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றொரு பெயர் இருந்ததை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? பாடப் புத்தகத்தில் இல்லாத சரித்திரம் ஊர்ப் பெயராகவும் குறியாகவும் இந்தத் தாள்களில் கிடக்கிறது.

சட்டம் கேட்பது காகிதத்தை

இது பழம்பெருமை பேசும் விஷயம் அல்ல. 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் 8.4.2025 முதல் நடைமுறைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தொழுத இடம், அடக்கம் செய்த இடம் என்பதால் வக்ஃபு ஆகும் 'பயன்பாட்டின் மூலம் வக்ஃபு' என்ற வகையை அது இனிமேல் இல்லை என்று ஆக்கிவிட்டது. முன்பே பதிவானவை தப்பும். அதுவும் தகராறு இல்லாமலும், அரசு நிலம் என்று யாரும் சொல்லாமலும் இருந்தால்தான். ஆக்கிரமித்தவன் எத்தனை வருஷம் இருந்தாலும் வக்ஃபு நிலம் அவனுக்குச் சொந்தமாகாது என்று பாதுகாப்புத் தந்த 107ஆம் பிரிவும் போய்விட்டது.

15.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. பயன்பாட்டின் மூலம் வக்ஃபு நீக்கப்பட்டதை நிறுத்தவில்லை. ஏன்? 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதலே பதிவு என்பது இருக்கிறதே, நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதிவு செய்யாமல் இருந்துவிட்டு இப்போது குறை சொல்லலாமா என்ற தொனியில் நீதிமன்றம் பேசியது. இந்தச் சட்டத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி நம் கன்னத்தில் விழுந்த அறை என்பதை மறுக்க முடியுமா?

6.6.2025இல் தொடங்கிய 'உமீத்' தளத்தில் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரங்களை ஏற்றச் சொன்னார்கள். கால நீட்டிப்புக் கேட்டபோது 1.12.2025 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்து, தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லிவிட்டது. தீர்ப்பாயத்துக்குக் கையை வீசிக்கொண்டா போவீர்கள்?

அங்கேதான் வரைபடம் வருகிறது. அரசின் அதிகாரத்தில் போடப்பட்ட வரைபடத்தில் உள்ள விவரங்கள் சாட்சியத்துக்கு உரியவை என்று 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொன்னது. அத்தகைய வரைபடம் சரியானது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றது 83ஆம் பிரிவு. 1.7.2024 முதல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இவை இருக்கின்றன. வழக்குக்கென்றே தயாரித்த வரைபடத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. நூறு ஆண்டுக்கு முன் சங்கிலி பிடித்து அளந்த கலாசிக்கு இன்றைய வழக்கு தெரியுமா?

வரைபடம் பட்டா அல்ல

ஆனால் ஓர் எச்சரிக்கை. அரைகுறையாகப் படித்துவிட்டு வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்களால் நமக்கு நஷ்டமே வரும்.

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்றால், தாளில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தரையில் 110 கஜம். பள்ளிவாசல் குறி அங்கே பள்ளி இருந்ததைச் சொல்லும். அதன் எல்லை எதுவென்று சொல்லாது, யாருக்குச் சொந்தம் என்றும் சொல்லாது. குறி இல்லாததால் பள்ளி இல்லை என்றும் ஆகாது. சிறிய கூரைப் பள்ளிகளைச் சர்வேயர் விட்டிருக்கலாம். தாள் அச்சான வருஷத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ஓரத்தில் அளவை செய்த வருஷம் தனியாக இருக்கும், அதுதான் கணக்கு. கைபேசியில் தெரியும் செயற்கைக்கோள் படத்தோடு நேராக ஒட்டிப் பார்த்தால் இடம் சற்றுத் தள்ளி விழும். பழைய தாள்கள் எவரெஸ்ட் கணக்குப்படி போட்டவை, இன்றைய கைபேசி வேறு கணக்கு. பழைய கிணறு, கண்மாய்க்கரை, பாதைகள் கூடும் முனை என்று அசையாத அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி இடம் தெரிந்தால், அடுத்து ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் போட்ட கிராம வரைபடத்துக்குப் போக வேண்டும். அதில் புல எண் கிடைக்கும். புல எண்ணை வைத்துப் புல வரைபடம், 'அ' பதிவேடு. பழைய எண் வேறு, இன்றைய எண் வேறு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) ஏற்பட்ட குளறுபடிகளுக்காக இன்றுவரை தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்துக்கொண்டிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே எண் ஒப்பீட்டுப் பதிவேட்டையும் பார்த்தே ஆக வேண்டும். அங்கிருந்து 1858இல் அமைந்த இனாம் கமிஷன் எழுதிய இனாம் பதிவேட்டுக்கு. நவாபோ, சேதுபதியோ, பாளையக்காரரோ பள்ளிக்கு விளக்கெண்ணெய்ச் செலவுக்கு விட்ட மானியமாக இருந்தால் அது அங்கே எழுதியிருக்கும். நீதிமன்றங்கள் பெரிதும் மதிக்கும் பதிவேடு அது.

பல ஊர்களில் பள்ளிவாசல் மனையும் மையவாடியும் கணக்கில் 'புறம்போக்கு' என்றே ஏறியிருக்கின்றன. வரி இல்லாத இடம் என்ற கணக்குக்காக எழுதிய சொல்தான் அது. இன்று அதே சொல்லைக் காட்டி 'இது அரசு நிலம்' என்கிறார்கள். அரசின் இன்னொரு கையே போட்ட வரைபடத்தில் அங்கே கபர்கள் இருக்கின்றன என்பதை எடுத்து வைத்தால்தான் அந்த வாதம் உடையும்.

தர்காக்களில் நடக்கும் அனாச்சாரங்கள் பற்றி நம் நிலைபாடு வாசகர்கள் அறிந்ததே. அதற்காக அடக்கத்தல நிலத்தை எவனோ பிளாட் போட்டு விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கபர் வணக்கம் வேறு, கபரஸ்தான் நிலம் வேறு.

நம்மவர்களின் லட்சணம்

எந்த ஜமாஅத்திலாவது போய் "தஸ்தாவேஜுகள் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "அத்தா காலத்தில் இருந்தது, பெட்டியில் கரையான் அரித்துவிட்டது" என்பார்கள். "பழைய முத்தவல்லி வீட்டில் இருக்கும், அவர்கள் தர மாட்டார்கள்" என்பார்கள். வாய்க்கணக்காக எல்லாவற்றையும் அறிந்திருந்த கர்ணம் பதவியும் 1980இல் ஒழிந்தது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்தபோது நிபந்தனைகள் எழுத்தில் வைக்கப்பட்டன. அந்த உம்மத்தின் வாரிசுகள்தான் கரையானைக் காரணம் சொல்கிறோம்!

அடுத்த ஊரைப் பார்த்துப் பாடம் படிக்க வேண்டுமானால் பலஸ்தீனத்தைப் பாருங்கள். 1872 முதல் 1877 வரை காண்டர், கிச்சனர் என்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் அங்கேயும் இதே ஒரு மைலுக்கு ஓர் அங்குலக் கணக்கில் 26 தாள்கள் போட்டார்கள். பிறகு பிரிட்டிஷ் ஆட்சி வேறு வரைபடங்கள் போட்டது. 1948இல் மக்கள் விரட்டப்பட்ட கிராமங்கள் இடிக்கப்பட்டு, மேலே காடு வளர்க்கப்பட்டது. 'இங்கே யாரும் இருக்கவில்லை' என்று உலகத்துக்குச் சொன்னார்கள். பலஸ்தீன அறிஞர்கள் அதே பிரிட்டிஷ் வரைபடங்களை விரித்துவைத்து, கிணற்றையும் பள்ளியையும் கபரஸ்தானையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். வாலித் காலிதி 1992இல் வெளியிட்ட நூலில் 418 கிராமங்கள் பெயரோடு நிற்கின்றன. அகதி முகாமில் வாழும் சமுதாயம் செய்த வேலை அது. நம் பள்ளிவாசல்களில் ஏ.சி. ஓடுகிறது, ஒரு தாள் வாங்கி மாட்டக் காசில்லை!

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். 2022இல் திருச்சி மாவட்டம் திருச்செந்துறையில் நிலம் விற்கப் போனவரிடம் வக்ஃபு வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்கப்பட்டது. பழைமையான கோயில் உள்ள ஊர் அது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இந்தியா முழுவதும் நம்மை நில அபகரிப்பாளர் என்று சித்திரித்தார்கள், நாடாளுமன்றம் வரை கொண்டுபோனார்கள். வாரியம் ஒவ்வொரு புல எண்ணையும் பழைய ஆவணத்தோடு ஒத்துப் பார்த்து, நமக்கு உரியதை ஆதாரத்தோடு சொல்லி, உரியதல்லாததை விட்டுக்கொடுத்திருந்தால் இந்த ஆயுதம் எதிரி கையில் கிடைத்திருக்குமா? வரைபடத்தை விரித்தால் அது கோயிலையும் காட்டும், சர்ச்சையும் காட்டும், ஊர்ப் பொதுக் கண்மாயையும் காட்டும். நமக்குச் சாதகமான குறியை மட்டும் வெட்டி எடுப்பது நீதியாகாது.

முன்பு கடலோரத் தாள்கள் சாமானியர் கையில் கிடைக்காது, பாதுகாப்புக் காரணம் சொல்வார்கள். 2005ஆம் ஆண்டின் வரைபடக் கொள்கைக்குப் பிறகு 1:50,000 அளவுள்ள புதிய தாள்கள் பொதுமக்களுக்குத் திறந்தன. அமெரிக்க ராணுவம் 1950களில் தொடங்கிப் போட்ட கால் அங்குல அளவுத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பழைய ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது, கிராம வரைபடங்களுக்குச் சேப்பாக்கம் நில அளவை அலுவலகம் இருக்கிறது. பொறியியல் படித்துவிட்டு மாலையில் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். அவர்களில் இருவரை அனுப்ப ஜமாஅத் பஸ் சார்ஜ் தரட்டும்.

போகும் முன் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்களைச் சந்திக்கட்டும், முஸ்லிமல்லாத பெரியவர்களையும் சேர்த்துத்தான். ஈத்காவுக்கு எந்த வண்டிப்பாதையில் போனார்கள், மையவாடிக்கு மேற்கே யார் நிலம், எந்தக் கிணற்றில் ஒளு செய்தார்கள் என்று கேட்டு, தேதி போட்டு, கையெழுத்தோ ரேகையோ வாங்கி வைக்கட்டும். அந்த ஜனாஸாக்களும் புறப்பட்டுவிட்டால், வரைபடத்தில் உள்ள குறியைப் பார்த்து 'இது இன்ன இடம்' என்று விரல் வைத்துக் காட்ட ஆள் இருக்காது.