இலவச டி-சர்ட், மொத்தமா வரும் எஸ்.எம்.எஸ்... தேர்தல் நேரத்தில் எது ஓகே, எது தப்பு?

நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகா, சேரம்பாடி. கூடலூர் சட்டமன்றத் தொகுதிக்குள் வரும் தேயிலைத் தோட்டப் பகுதி. தேர்தல் நேரத்தில் இங்கே லயன் வீட்டு வாசலில் ஒருவர் வந்து, "குளிருக்குப் போட்டுக்கோங்கண்ணே" என்று சின்னம் போட்ட டி-சர்ட்டையோ ஸ்வெட்டரையோ நீட்டினால் வாங்கலாமா? அதே நேரம் போனில் "உங்கள் ஓட்டு எங்களுக்கே" என்று மெசேஜ் வந்தால் அது சரியா?

இரண்டுக்கும் விதி இருக்கு. யார் காசு, எந்த நேரம், எந்த இடம். இந்த மூன்றை வைத்துத்தான் சரி, தப்பு முடிவாகும்.

தொப்பி சரி, சட்டை தப்பு. ஏன்?

தொப்பி, மாஸ்க், கழுத்துத் துண்டு போன்றவற்றைக் கட்சிகள் பிரசாரத்தில் பயன்படுத்தத் தேர்தல் ஆணையம் அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் செலவைக் கணக்கில் காட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு வேட்பாளரின் செலவு உச்சவரம்பு சட்டமன்றத் தேர்தலுக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவைத் தேர்தலுக்கு 95 லட்சம் ரூபாய்.

சேலை, சட்டை மாதிரி முழு உடையைக் கட்சியோ வேட்பாளரோ கொடுக்க அனுமதி இல்லை. தொப்பி விளம்பரம், சட்டை ஒரு வீட்டின் தேவை. தேவையைக் காட்டி ஓட்டு கேட்டால் அது லஞ்சமாகலாம் என்பதுதான் காரணம்.

வாங்கினவருக்கும் சிக்கலா?

ஆமாம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 170-வது பிரிவின்படி, ஓட்டுக்காகப் பொருள் கொடுப்பவர் மட்டுமல்ல, அதை ஏற்றுக்கொள்பவரும் குற்றவாளிதான். ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்க முடியும். தினக்கூலியில் ஓடும் குடும்பத்துக்கு ஒரு டி-சர்ட்டுக்காக கோர்ட்டுக்கு அலைவது கட்டுப்படியாகுமா?

சொந்தக் காசில் வாங்கின கட்சி டி-சர்ட்டை போட்டுக்கலாமா?

போட்டுக்கலாம். ஆனால் ஓட்டுப் போடப் போகும்போது வேண்டாம். கட்சியின் பெயர், சின்னம், வாசகம் உள்ள உடையோடு வாக்குச்சாவடிக்குள்ளோ அதைச் சுற்றியோ போகக் கூடாது. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டு கேட்பதும் குற்றம்.

பெரிய தலைவர்களும் இந்த விஷயத்தில் சர்ச்சையில் சிக்கியிருக்கிறார்கள். 2014 ஏப்ரல் 30-ல் அகமதாபாத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு தாமரைச் சின்னத்தைக் காட்டிய நரேந்திர மோடி மீது, ஆணையத்தின் உத்தரவில் வழக்குப் பதிவானது. 2021 ஏப்ரல் 6-ல் கட்சிச் சின்னம் உள்ள சட்டையோடு வாக்களித்ததாக உதயநிதி ஸ்டாலின் மீது அதிமுக புகார் கொடுத்தது.

எஸ்.எம்.எஸ்-க்கு என்ன விதி?

கட்சிகள் மொத்தமாக எஸ்.எம்.எஸ், குரல் செய்தி அனுப்பலாம். ஆனால் அனுப்பும் முன் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் சான்று வாங்கணும். அந்தச் செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் மொத்த எஸ்.எம்.எஸ்-க்குத் தடை.

சேரம்பாடியில் இது இன்னும் குழப்பம். பக்கத்திலேயே கேரளாவின் வயநாடு. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளாவுக்கு ஏப்ரல் 26-ல் வாக்குப்பதிவு. அதாவது ஏப்ரல் 17 மாலையே நீலகிரியில் பிரசாரம் ஓய்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் 24 வரை நடந்தது. மைக் சத்தத்தை எல்லையில் நிறுத்தலாம், போனை நிறுத்த முடியாது. அதனால் மெசேஜ் வந்தால், அது எந்தத் தொகுதி வேட்பாளருக்காக வந்தது என்று முதலில் பாருங்கள்.

அரசு அனுப்பிய மெசேஜா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வாக்காளர் விழிப்புணர்வு மெசேஜ் அரசுத் தரப்பிலிருந்தும் வரும். 2025 முதல் டிராய் விதிப்படி, அரசு அனுப்பும் மெசேஜில் அனுப்புநர் பெயரின் கடைசியில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். விளம்பரம் என்றால் 'பி'. அரசு அறிவிப்பு மாதிரி எழுதி, கடைசியில் 'ஜி' இல்லையென்றால் உஷார்.

எங்கே புகார் சொல்வது?

தேர்தல் அறிவித்த பிறகு சி-விஜில் ஆப் மூலம் புகார் தரலாம். படமோ வீடியோவோ அந்த ஆப்பிலேயே எடுக்க வேண்டும். பழைய படத்தை ஏற்ற முடியாது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பதுதான் இலக்கு. ஆப் இல்லாதவர்கள் 1950-க்கு போன் செய்யலாம். தப்பான எஸ்.எம்.எஸ் வந்தால் அழிக்காதீர்கள், அதுதான் ஆதாரம்.

தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு ஸ்வெட்டர் உண்மையிலேயே தேவையாக இருக்கலாம். அந்தத் தேவையை ஐந்து வருஷமும் கேட்டு வாங்குவது உரிமை. ஓட்டுக்கு முந்தின வாரம் மட்டும் அது வாசலுக்கு வந்தால், விலை உங்கள் ஓட்டு.