யாருடைய படம்?

லிட்டில் இந்தியா நிலையத்தில் பெருவிரைவு ரயிலுக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் சிலரின் கைப்பேசியில் ஜப்பானிய அசைவூட்டப் படம் ஓடிக்கொண்டிருக்கும். மொழி தெரியாவிட்டாலும் கீழே வரும் வசன வரிகளைப் படித்தபடி அவர்கள் கதையில் மூழ்கிவிடுவார்கள். சிங்கப்பூர் இயக்குநர் ஒருவரே ஜப்பானிய மொழியில் அசைவூட்டப் படம் ஒன்றை எடுத்திருக்கிறார் என்று சொன்னால் அவர்கள் வியக்கக்கூடும். 2011இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘தட்சுமி’. இயக்கியவர் எரிக் கூ.

யோஷிஹிரோ தட்சுமி 1935இல் ஒசாக்காவில் பிறந்த படக்கதை ஓவியர். படக்கதை என்றாலே சிறுவர்களுக்கான வேடிக்கை என்று பலர் எண்ணிய காலத்தில், போருக்குப் பிந்திய நகரங்களில் அல்லாடிய எளிய மனிதர்களை அவர் வரைந்தார். 1957இல் அவ்வகைக் கதைகளுக்குக் ‘கெகிகா’ என்று தனிப்பெயரும் சூட்டினார். எரிக் கூ அக்கதைகளை முதன்முதலில் படித்தது தேசிய சேவையில் இருந்தபோது. 1989இல் அவரே ஒரு படக்கதை நூலை வெளியிட்டார். பின்னர், தட்சுமி தம் வாழ்க்கையை 800 பக்கங்களுக்கு மேல் வரைந்த நூலையும், அவருடைய ஐந்து சிறுகதைகளையும் இணைத்துப் படமாக்கினார்.

அடுக்குமாடி வீடோ உணவங்காடி நிலையமோ இல்லாத இதை எப்படிச் சிங்கப்பூர்ப் படம் என்பது? நம் கதைகளே சொல்லப்படாமல் கிடக்கையில், அடுத்த நாட்டவர் கதைக்கு ஏன் இத்தனை உழைப்பு? இக்கேள்விகளில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறிய நாட்டில் படம் எடுக்கக் கிடைக்கும் பணமும் ஆட்களும் குறைவுதான்.

ஆனால், எரிக் கூ 2008இல் எடுத்த ‘மை மேஜிக்’ படத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மதுவுக்கு அடிமையான முன்னாள் வித்தைக்காரர் ஒருவர், தம் மகனுக்காக மீண்டும் வித்தை காட்டத் துணியும் தமிழ்க்கதை அது. தமிழ் எரிக் கூவின் தாய்மொழி அன்று. கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வான முதல் சிங்கப்பூர்ப் படம் அதுவே. அவரவர் கதையை அவரவரே சொல்ல வேண்டும் என்று கோடு போட்டிருந்தால், தமிழுக்கு அந்தப் படம் கிடைத்திருக்காது.

அடுத்தவர் கதையை எப்படியும் சொல்லிவிடலாம் என்பதன்று இதன் பொருள். ‘தட்சுமி’யில் ஓவியரின் கோடுகள் மெருகேற்றப்படாமல் அவர் பாணியிலேயே அசைகின்றன. அவருடைய வாழ்க்கையை அவர் குரலே சொல்கிறது. ஹிரோஷிமாவில் ஒரு சுவரில் பதிந்த நிழலைப் பற்றிய கதையும் படத்தில் உண்டு. தாய்க்குப் பணிவிடை செய்யும் மகனின் நிழல் என்று நம்பி, ஒருவர் எடுத்த புகைப்படத்தை ஊரே போற்றுகிறது. உண்மை வேறாக இருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எத்தனை ஆபத்தானது என்று உணர்த்தும் அக்கதையை, வெளிநாட்டு இயக்குநர் ஒருவர் தேர்ந்தெடுத்ததில் பொருள் இருக்கிறது.

இந்த ஓவியங்களுக்கு அசைவு கொடுக்கும் பணி, சிங்கப்பூரிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய பாத்தாம் தீவில் நடந்தது. ஜப்பானியர் வரைந்ததைச் சிங்கப்பூரர் இயக்க, இந்தோனேசியத் தீவில் அது உயிர் பெற்றது. பல மொழிகள் ஒலிக்கும் துறைமுக நகரத்திற்கு இதைவிடப் பொருத்தமான படம் வேறு எது? ஆஸ்கர் விருதின் வெளிநாட்டு மொழிப் பிரிவுக்குச் சிங்கப்பூரின் சார்பில் இதைத்தான் அனுப்பினார்கள். விருது கிடைக்கவில்லை. தட்சுமி 2015இல் காலமானார். அவருடைய குரல் சிங்கப்பூர்ப் படம் ஒன்றில் இன்னும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறது.