அகத்தி இலையும் கட்டம் நீட்டும் நிரலும்

திருப்பதியை அடுத்த வயல்களில் அகத்தியைப் பீடித்த தேமல் நோயின் வைரஸைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த செய்தியை ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தார் 1982ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் எம். ஆர். என். மூர்த்தி, எச். எஸ். சாவித்திரி முதலியோர் அதன் படிக அமைப்பை 1993இல் 4.7 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனிலும், 1995இல் 3 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனிலும் கண்டறிந்தனர். முன்னது மங்கிய உருவம்; பின்னதிலோ புரதச் சங்கிலியின் போக்கும் கால்சியம் அயனிகளின் இருப்பிடமும் புலனாயின.

மங்கலிலிருந்து தெளிவுக்குச் செல்லும் இவ்வழியில் இடர் ஒன்று உண்டு. படிகத்தினின்று சிதறும் எக்ஸ் கதிர்களின் செறிவை அளக்கலாம். அவ்வலைகளின் கட்டத்தை நேரே அளக்க இயலாது. உருவத்தைப் பெரிதும் தீர்மானிப்பதோ கட்டமே. ஓர் அமைப்பின் வீச்சுகளையும் மற்றோர் அமைப்பின் கட்டங்களையும் சேர்த்து வரைபடம் கணித்தால், கட்டத்துக்குரிய அமைப்பே அதில் தோன்றும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் 1961இல் எடுத்துக்காட்டினர். அகத்தி வைரஸுக்குத் தொடக்கக் கட்டங்களைத் தந்தது, அதற்கு உறவான தென் பீன்ஸ் தேமல் வைரஸின் அமைப்பு. இரவல் கட்டம் இரவல் உருவத்தையே காட்டிவிடலாம் என்ற அச்சம் இங்கு நியாயமானதே.

கட்டத்தைப் படிப்படியாக நீட்டும் நிரல்கள் இவ்வச்சத்தை ஓரளவு தணிக்கின்றன. நில அளவைப் பணியாளர் நிலைத்த முளையிலிருந்து அடுத்த முளைக்குச் செல்வது போன்றது இது. நீர் நிறைந்த பகுதியின் எலெக்ட்ரான் அடர்த்தியை நிரல் சமமாக்கும். வைரஸில் அறுபது முறை திரும்ப வரும் அமைப்புகளை ஒப்பிட்டுச் சராசரி காணும். திருந்திய வரைபடத்திலிருந்து, எல்லைக்குச் சற்று அப்பாலுள்ள அலைகளின் கட்டத்தை மட்டும் கணிக்கும். பிறகு மீண்டும் அதே சுற்று. ஒரே தாவலில் எல்லையை எட்ட முயன்றால் பிழையே பெருகும்.

இன்று இந்நிரல்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் இயங்குகின்றன. வசதிதான், ஆயினும் பொத்தானை மட்டும் கற்பிப்பது போதாது. சராசரி கண்ட வரைபடம் தவறாக இருப்பினும் அழகாகவே தோன்றும் (அழகில் மயங்கியோர் பலர்). கணக்கில் சேர்க்காது ஒதுக்கிவைத்த அளவீடுகளோடு ஒப்பிடாமல் அதனை நம்பலாகாது.

ஸ்ரீ சிட்டியில் 2013இல் நிறுவப்பெற்ற இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர் நிரல் எழுதப் பயில்கின்றனர். அவ்வூரும் திருப்பதியும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ளன. தம் மாவட்டத்து அகத்தியைப் பற்றிய இக்கணக்கு அம்மாணவருக்குப் பாடமாவது மிகப் பொருத்தமாகும். பள்ளி ஆசிரியர்க்கும் எளிய வழி உண்டு. இரு புகைப்படங்களின் கட்டங்களைச் சாதாரணக் கணிப்பொறியில் இடம் மாற்றிக் காட்டினால், இராமச்சந்திரன் கூறியதை மாணவர் ஒரு வகுப்பிலேயே கண்ணால் காண்பர்.

கிராமப் பணியாளர்க்கும் இதில் பங்குண்டு. தேமல் கண்ட இலையைப் பறிக்கும்போது ஊர், நாள், பயிர் ஆகியவற்றை உறையின்மேல் எழுதுதல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத இலையைப் பின்னர் எந்த நிரலாலும் அதன் வயலோடு சேர்க்க இயலாது.