டன் என்பது எடையன்று

போடிநாயக்கனூர்க் கடையொன்றில் குளிரூட்டி வாங்க வந்த ஏல உழவர் ஒருவர், ''ஒன்றரை டன்னை எம் சுவர் தாங்குமா?'' என்று வினவினார். சுற்றி நின்றோர் நகைத்தனர். நகைப்புக்குரியது அவ்வினாவன்று, அவ்வயற்சொல்லே!

ஈண்டு டன் எடையன்று. ஓர் அமெரிக்க டன், அஃதாவது 907 கிலோ பனிக்கட்டி, ஒரு நாளில் உருகுதற்கு எத்துணை வெப்பம் வேண்டுமோ, அத்துணையை அறையினின்று அகற்றும் திறனே ஒரு டன், ஏறத்தாழ 3.5 கிலோவாட்டு. பொறி உண்ணும் மின்னளவும் இஃதன்று. அது ஏறத்தாழ இதில் மூன்றிலொரு பங்கே. 'வெப்பநீக்கத்திறன்' என்றிருப்பின் எவர் மயங்குவர்?

அவ்வுழவர் வெப்பத்தின் இயல்பறியாதவரா? ஏலமலைச் சரிவில் 'சுடோர்' என வழங்கும் கூடத்தில் (உலர்கூடம் எனச் சொல்ல நாவு சுளுக்குமோ?) அடுப்பின் வெம்மையைக் குழாய்வழிச் செலுத்தி, 45 முதல் 55 பாகையில் பச்சைக்காயை உலர்த்துபவர் அவர். ஈரக்காற்று வெளியேறாவிடின் காயின் பசுமை கெடும் என்பதும், வெப்பம் வேறு ஈரம் வேறு என்பதும் அவர் கைகண்டவை. அறைக்கு வேண்டுமளவினும் மிஞ்சிய குளிரூட்டியிலும் அதுவே நிகழ்கிறது: அறை விரைவிற் குளிரும், பொறி நின்றுவிடும், ஈரமோ அங்கேயே தங்கும். கொடுத்த மிகுபணம் பாழ். விலைச்சீட்டில் 'ஈரநீக்கம்' என்று தமிழில் அச்சிட்டிருந்தால், அவ்வுழவரே கடையினர்க்கு அதனைக் கற்பித்திருப்பார்.